முதல் முதலீடு: இடமா, ஃபிளாட்டா?

போன மாதம் அக்கா மகன் போன் பண்ணினான். "மாமா, கூடுவாஞ்சேரி தாண்டி ஒரு இடம் வாங்கிப் போடட்டுமா, குரோம்பேட்டையில் பழைய ஃபிளாட் பார்க்கட்டுமா? ரெண்டும் 40 லட்சத்துக்குள்ள வருது." இரண்டும் சென்னைப் புறநகர். கையில் 12 லட்சம் வைத்திருக்கிறான். மீதி வங்கிக் கடன்.

எது அதிகமாக ஏறும் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். எதை அவசரத்துக்கு விற்காமல் தாங்க முடியும் என்பதுதான் என் முதல் கேள்வி. அதற்குக் காரணம் இருக்கிறது. 2013-ல் மறைமலை நகர் பக்கம் ஒரு மனை வாங்கினேன். விற்றவர் "பஞ்சாயத்து அப்ரூவல்" என்றார், நம்பினேன். அது முறையான அங்கீகாரமே இல்லை. 2016 செப்டம்பரில் அங்கீகாரமில்லாத மனைகளைப் பத்திரம் பதியக் கூடாது என்று உயர் நீதிமன்ற உத்தரவு வந்தது, விற்க முடியாமல் போனது. அப்பாவின் ஆபரேஷனுக்கு அந்த இடத்தைத்தான் மலைபோல் நம்பியிருந்தேன். கடைசியில் நகையை அடகு வைத்தோம். 2017-ல் இப்படிப்பட்ட மனைகளை முறைப்படுத்தும் வரன்முறைத் திட்டம் வந்தபிறகு கட்டணம் கட்டித்தான் மனைக்கு உயிர் வந்தது.

சரி, இவன் கணக்குக்கு வருவோம். 40 லட்சம் கிரயத்துக்கு முத்திரைத்தாள் 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம்: 3 லட்சத்து 60 ஆயிரம். இதை வங்கி கடனில் சேர்க்காது. வீட்டுக்கு 80 சதவீதம், அதாவது 32 லட்சம் கடன் கிடைத்தால், கைப்பணம் 8 லட்சம் போட வேண்டும். இரண்டும் சேர்ந்து 11.6 லட்சம். 12 லட்சம் அப்படியே காலி. காலி மனைக்கோ பல வங்கிகள் இதைவிடக் குறைவாகத்தான் கடன் தரும், வட்டியும் பெரும்பாலும் கொஞ்சம் கூடுதல்.

32 லட்சத்துக்கு எட்டரை வட்டியில் 20 வருஷம் என்றால் இ.எம்.ஐ. ஏறத்தாழ 27,800. ஃபிளாட்டில் 13,000 வாடகை வந்தால் கிட்டத்தட்டப் பாதிச் சுமை இறங்கும். மெயின்டனன்ஸ், சொத்து வரி, ஒரு மாதம் காலியாகக் கிடப்பது எல்லாம் போக, போட்ட விலைக்கு வருஷம் 3 சதவீதம் மிஞ்சினாலே நல்லது. பெரிய வருமானம் இல்லைதான். ஆனால் வேலை போகும் மாதத்தில் அந்தப் பணத்தின் அருமை தெரியும். வருமான வரிக் கணக்கில், வாடகைக்கு விட்ட வீட்டின் கடன் வட்டியை வாடகை வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். காலி மனைக்கு அந்தச் சலுகையும் இல்லை.

இடத்தின் பக்கம் ஒரு பெரிய நியாயம் உண்டு. கட்டடம் வருஷா வருஷம் தேயும், ஏறுவது நிலம்தான். அதனால் ஃபிளாட் பார்க்கும்போது நான் டைல்ஸைப் பார்ப்பதில்லை, பத்திரத்தில் யு.டி.எஸ்., அதாவது கட்டடம் நிற்கும் நிலத்தில் நம் பிரிபடாத பங்கு, எவ்வளவு என்றுதான் பார்ப்பேன். அந்தப் பங்கு 300 சதுர அடி உள்ள ஃபிளாட்டும் 500 உள்ள ஃபிளாட்டும் ஒரே விலை சொல்லலாம். நிலம் சதுர அடி 4,000 என்றால் முன்னதில் உங்கள் மண் 12 லட்சம், பின்னதில் 20 லட்சம். மூன்று மாடிப் பழைய கட்டடங்களில் இந்தப் பங்கு பெரும்பாலும் தாராளமாக இருக்கும். கட்டிக்கொண்டிருக்கும் ஃபிளாட்டுக்கு 5 சதவீதம் ஜி.எஸ்.டி. வேறு உண்டு (குறைந்த விலை வீடுகளுக்கு 1). ஏற்கெனவே குடியிருந்த வீட்டுக்கு அது கிடையாது.

இடத்துக்குப் பேப்பர் வேலையும் அதிகம். மனைப்பிரிவுக்கு அனுமதி தரும் அரசு அமைப்புகளான சி.எம்.டி.ஏ. அல்லது டி.டி.சி.பி.யின் அங்கீகார எண், புது லேஅவுட் என்றால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு, 30 வருஷத்து வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம் (முந்தைய கிரயப் பத்திரம்), விற்பவர் பெயரில் பட்டா. அதோடு எஃப்.எம்.பி. எனும் நில அளவை வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு நேரில் போய் நிற்க வேண்டும். அவனோடு கூடுவாஞ்சேரி மனைக்குப் போனேன். சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. நான்கு மூலைக் கல்லில் இரண்டைக் காணோம். டேப் பிடித்தால் கிழக்கே இரண்டடி குறைகிறது. புரோக்கர் "அதெல்லாம் சரி பண்ணிடலாம் சார்" என்றார். சரி பண்ணிவிட்டுக் கூப்பிடுங்கள் என்று வந்துவிட்டோம்.

விற்கும்போது வரியில் பெரிய வித்தியாசம் இல்லை. 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் இரண்டுக்கும் நீண்டகால லாபம், இன்று வாங்குபவருக்கு 12.5 சதவீதம்.

கடன் வாங்காமல் முழுப் பணமும் கையில் இருந்து, மாதம் ஒருமுறை போய்ப் பார்க்கும் தூரத்தில் இருப்பவருக்கு அங்கீகாரம் பெற்ற மனையைத் தைரியமாகச் சொல்வேன். பத்து வருஷம் அதைத் தொடக் கூடாது. சம்பளத்தை நம்பி இ.எம்.ஐ. கட்டப்போகும் இவனுக்கு ஃபிளாட்தான். அதிலும் இந்த 40 லட்சம் வேண்டாம், 34, 35-க்குள் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். ஆறு மாத இ.எம்.ஐ.யாவது கையில் நிற்க வேண்டும். ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரத்தில் 2004-ல் கட்டிய ஒன்றைப் பிடித்திருக்கிறான், யு.டி.எஸ். 480. சனிக்கிழமை வக்கீலிடம் பத்திரத்தைக் கொண்டுபோகிறோம்.