டாலியா, சோஹோ புக்ஸா? எல்லையோரக் கடைக்கு எது தோது

கணக்கு மென்பொருள் வாங்க விசாரிக்கிறவர்கள் முதலில் கேட்பது, "பில் எவ்வளவு வேகமாக விழும்?" என்பதுதான். அடுத்தது விலை. இரண்டுமே நியாயமான கேள்விகள். விற்கிறவரே அரை மணி நேரத்தில் செய்து காட்டிவிடுவார். மார்த்தாண்டத்தில் குழாய், மின்சாதன மொத்த வியாபாரம் நடத்தும் நான் டாலியிலிருந்து சோஹோ புக்ஸுக்கு மாறியது வேறு கணக்கில். வாடிக்கையாளரின் பெயர், முகவரி, ஜிஎஸ்டி எண், பாக்கி ஆகிய நான்கும் எதில் குழம்பாமல் கிடக்கும் என்று பார்த்தேன். மதுரையிலோ சேலத்திலோ கடை வைத்திருந்தால் ஒருவேளை டாலியிலேயே இருந்திருப்பேன்.

நோட்டுப் புத்தகமும் எக்செலும் இந்த ஒப்பீட்டில் இல்லை. ஐம்பது வாடிக்கையாளர் வரை எக்செல் தாங்கும். அதற்கு மேல் யார் எந்த வரிசையை அழித்தார்கள் என்று தேடுவதே வேலையாகிவிடும். கைப்பேசியில் பில் போடும் வியாபார் போன்ற செயலிகள் சில்லறைக் கடைக்குப் போதும், மலிவும்கூட. கடனுக்குச் சரக்கு அனுப்பும் மொத்த வியாபாரத்தில் அவற்றை நான் நீண்ட நாள் ஓட்டிப் பார்த்ததில்லை, அதனால் அவற்றைப் பற்றித் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை.

டாலியின் பலம் ஊரறிந்தது. 1986 முதல் இருக்கிற பெங்களூரு நிறுவனம். நாகர்கோவிலில் எந்த ஆடிட்டர் அலுவலகத்துக்குப் போனாலும் அங்கே டாலி ஓடிக்கொண்டிருக்கும். கணக்கு எழுத ஆள் தேடினால் வருகிறவர்கள் எல்லோரும் டாலி படித்தவர்கள். சுட்டியைத் தொடாமல் எஃப் 8 அழுத்தி விற்பனை, எஃப் 6 அழுத்தி வரவு என்று விரல் நுனியிலேயே வேலை முடியும். உரிமத்தை ஒருமுறை வாங்கினால் அது நம்முடையது. ஆண்டுச் சந்தாவைப் புதுப்பிக்காவிட்டால் புதிய பதிப்புகளும் இணையம் வழி வரும் வசதிகளும் நிற்கும். ஆனால் பில் போடுவது நிற்காது. சோஹோ புக்ஸ் அப்படியில்லை. ஆண்டுதோறும் வாடகை, பயனர் கூடினால் வாடகையும் கூடும். தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கிற நிறுவனம் என்ற பாசம் எனக்கும் உண்டு, ஆனால் பாசத்துக்காக யாரும் கணக்கு மென்பொருள் மாற்றக் கூடாது.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

மார்த்தாண்டத்திலிருந்து கேரள எல்லையான களியக்காவிளை கூப்பிடு தூரம். தாண்டினால் பாறசாலை, அப்புறம் நெய்யாற்றின்கரை, திருவனந்தபுரம். எங்கள் வாடிக்கையாளர்களில் கணிசமானவர்கள் அந்தப் பக்கத்தவர்கள். ஜிஎஸ்டி எண்ணில் 15 எழுத்துகள். முதல் இரண்டு இலக்கம் மாநிலம். தமிழ்நாட்டுக்கு 33, கேரளத்துக்கு 32. 33 என்றால் மத்திய வரி பாதி, மாநில வரி பாதி. 32 என்றால் முழுவதும் ஒருங்கிணைந்த வரி, அதாவது ஐஜிஎஸ்டி. இவ்வளவுதானே, இதில் என்ன குழப்பம் என்று தோன்றும். குழப்பம் சரக்கு இறங்கும் இடத்தில்தான் வரும்.

திருவனந்தபுரத்துக் கடைக்காரர் தொலைபேசியில் அழைக்கிறார்: "அண்ணா, பில்லை நம்ம கடை பேரில் போடுங்கள். சரக்கைக் கேரளத்துக்கு அனுப்ப வேண்டாம். குலசேகரத்தில் ஒரு வீட்டு வேலை நடக்கிறது, அங்கேயே இறக்கிவிடுங்கள்." சரக்கு தமிழ்நாட்டை விட்டு வெளியே போகவில்லை. லாரி எல்லையைப் பார்க்கவே இல்லை. பில் போடும் பெண் இயல்பாகவே 9 சதவீதம், 9 சதவீதம் என்று பிரிப்பாள். ஆனால் ஒருங்கிணைந்த ஜிஎஸ்டி சட்டத்தின் 10-வது பிரிவு வேறு சொல்கிறது: ஒருவர் சொல்லி அவருக்காக இன்னோர் இடத்தில் சரக்கை இறக்கினால், சொன்னவரே பெற்றதாகக் கொள்ள வேண்டும், அவருடைய முதன்மை வணிக இடமே வழங்கல் இடம், அதாவது எந்த மாநில விற்பனை என்று வரிக்கு முடிவுசெய்யும் இடம். ஆக, ஒரு லட்ச ரூபாய்க் குழாய்க்கு 18,000 ரூபாயும் ஒருங்கிணைந்த வரியாகவே விழ வேண்டும். 9,000, 9,000 என்று பிரித்துவிட்டால் தமிழ்நாட்டுக் கணக்கில் விழுந்த அந்த வரியைத் தன் கேரளப் பதிவில் அவரால் வரவு எடுக்க (தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ள) முடியாது. பிறகு திருத்தம், சரியான வரியைக் கட்டுதல், தவறாகக் கட்டியதைத் திரும்பக் கேட்டு விண்ணப்பித்தல். மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 77-வது பிரிவும் ஒருங்கிணைந்த ஜிஎஸ்டி சட்டத்தின் 19-வது பிரிவும் இப்படி மாற்றிக் கட்டும்போது வட்டி இல்லை என்று சலுகை தருகின்றன. அலைச்சலுக்குச் சலுகை இல்லை.

பதிவு பெறாத வாடிக்கையாளர் விஷயம் இன்னும் நுட்பமானது. 2023 அக்டோபர் 1 முதல், ஜிஎஸ்டி பதிவு இல்லாதவருக்கு விற்றால் பில்லில் எழுதியிருக்கும் முகவரியே வழங்கல் இடம். முகவரி எழுதவில்லை என்றால் விற்பவரின் இடம். மாநிலத்தின் பெயரை மட்டும் எழுதினாலே முகவரி எழுதியதாகிவிடும். பாறசாலைக்காரர் ஒருவர் வீடு கட்ட நம் கடைக்கு வந்து, தன் ஜீப்பிலேயே குழாயை ஏற்றிக்கொண்டு போகிறார் என்று வையுங்கள். அவர் பெயரோடு 'கேரளம்' என்று பதிவில் இருந்தால் ஒரு வரி; பெயர் மட்டும் இருந்தால் வேறு வரி. 50,000 ரூபாயோ அதற்கு மேலோ ஆனால் பெயரும் முகவரியும் பில்லில் கட்டாயம், அங்கே தேர்வுக்கே இடமில்லை. வாடிக்கையாளர் பதிவில் மாநிலம் என்ற ஒரு கட்டம் எவ்வளவு கனமானது என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டாம்.

இந்தக் கட்டத்தை இரண்டு மென்பொருள்களும் எப்படிக் கையாளுகின்றன? சோஹோ புக்ஸில் புதிய வாடிக்கையாளரைச் சேர்க்கும் பக்கத்திலேயே, அவர் பதிவு பெற்றவரா, காம்போசிஷன் என்ற சிறு வணிகர் திட்டத்தில் இருப்பவரா, பதிவு இல்லாதவரா, நுகர்வோரா என்று கேட்கும். வழங்கல் இடம் தனிக் கட்டம். பில் முகவரி இடப்பக்கம், சரக்கு இறக்கும் முகவரி வலப்பக்கம். இறக்கும் முகவரிகளை ஒன்றுக்கு மேலும் சேர்த்துக்கொள்ளலாம். ஜிஎஸ்டி எண்ணைக் கொடுத்தால் பெயரையும் முகவரியையும் அரசுத் தளத்திலிருந்தே இழுத்து நிரப்பிவிடும். அதன்பின் அந்த வாடிக்கையாளருக்குப் பில் திறந்தால் வழங்கல் இடத்தைப் பார்த்து எந்த வரி என்பதை மென்பொருளே எடுத்து வைக்கும். குலசேகரத்தில் இறக்குவதென்றால் இறக்கும் முகவரியை மட்டும் மாற்றினால் போதும். வழங்கல் இடம் கேரளமாகவே நிற்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்ள வேண்டும்.

டாலியிலும் இவை எல்லாம் உண்டு. இல்லை என்று சொல்கிறவர்கள் டாலியைச் சரியாகத் திறந்து பார்க்காதவர்கள். பல முகவரி வைக்கும் வசதி எஃப் 12 அமைப்புக்குள் இருக்கிறது. பில் போடும்போது வாங்குபவர், சரக்குப் பெறுபவர் என்று இரண்டு பகுதியாக விவரத் திரையும் வரும். இப்போதைய பதிப்புகள் ஜிஎஸ்டி எண்ணை வைத்து விவரத்தைக் கொண்டுவரவும் செய்கின்றன. ஆனால் வரி லெட்ஜரை (எந்த வரிக் கணக்கில் ஏற வேண்டும் என்பதை) பில் போடுகிறவர்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். வவுச்சர் கிளாஸ் என்ற முன்னமைப்பை வைத்து அந்த வேலையைக் குறைக்கலாம். அதை அமைக்கத் தெரிந்த ஒருவர் முதலில் வேண்டும். நன்றாக அமைக்கப்பட்ட டாலி சோஹோவுக்குச் சளைத்ததில்லை. சாதாரணமாக அமைக்கப்பட்ட டாலியில் எல்லாமே கணக்கெழுதுகிறவரின் நினைவை நம்பி ஓடும், அவர் திருமணமாகி வேறு ஊருக்குப் போகும் நாள் வரைக்கும்.

பெயர்க் குழப்பம் அடுத்தது. எங்கள் மாவட்டத்தில் அந்தோணியார் பெயரில் கடை இல்லாத ஊர் இல்லை. ஆங்கிலத்தில் ஒருவர் 'ஹெச்' சேர்த்து எழுதுவார், ஒருவர் சேர்க்க மாட்டார். ஒருவர் 'செயின்ட்' என்று முழுதாக எழுதுவார், ஒருவர் சுருக்கி இரண்டெழுத்தில் நிறுத்துவார். கருங்கல் கடைக்கு வரவு வைக்க வேண்டிய காசோலை தக்கலைக் கடையின் கணக்கில் ஏற இது போதும். இங்கே டாலியின் மாற்றுப்பெயர் வசதி அருமையானது: கடை ஊழியர்கள் வாயில் புழங்கும் பெயரை, ஊர்ப் பெயர், வீட்டுப் பெயர் சேர்த்து, மாற்றுப்பெயராகப் போட்டுவிட்டால் நான்கு எழுத்து அடித்ததும் ஆள் வந்துவிடுவார். சோஹோவில் அதே அளவு கைவாகு இல்லை. காட்சிப் பெயரிலேயே ஊரைச் சேர்த்து எழுதும் பழக்கத்தைக் கடையில் கட்டாயமாக்க வேண்டும். ஆனால் ஏற்கெனவே இரண்டு பதிவாகிவிட்ட ஒரே ஆளை ஒன்றாக்குவது சோஹோவில் நேரடி வேலை. இரண்டையும் இணைக்கச் சொன்னால் பில்கள் ஒரே பெயரின்கீழ் வந்துவிடும். டாலியில் வவுச்சர், அதாவது பதிவு, ஏறிய லெட்ஜரை அழிக்க முடியாது, அழிக்க விடவும் கூடாது. பதிவுகளை மாற்றியெழுதித்தான் ஒன்றாக்க வேண்டும்.

ஒன்றாக்கவே கூடாத இடமும் ஒன்று உண்டு. ஜிஎஸ்டி எண்ணில் மூன்றாவது முதல் பன்னிரண்டாவது எழுத்துவரை இருப்பது பான் எண். தனியாளாகக் கடை நடத்தியவர் மகனைச் சேர்த்துக் கூட்டு நிறுவனமாக்கினால் பான் மாறும். ஜிஎஸ்டி எண்ணும் மாறும். அதே கடை, அதே பலகை, அதே முகம். ஆனாலும் பழைய பதிவில் எண்ணை மட்டும் திருத்திவிட்டுத் தொடரக் கூடாது. பழைய பாக்கி பழைய ஆளுடையது. பழைய பதிவைச் செயலற்றதாக்கி, புதிய எண்ணில் புதிய வாடிக்கையாளராகத் தொடங்க வேண்டும். பாக்கியைப் புதிய நிறுவனம் ஏற்றுக்கொண்டால் அதை ஒரு கடிதத்தோடு மாற்றுப் பதிவாகக் காட்டலாம். எந்த மென்பொருளாக இருந்தாலும் இந்த முறை ஒன்றுதான்.

மின்சாரமும் இணையமும் பற்றிச் சொல்லாமல் இந்த மாவட்டத்தில் மென்பொருள் ஒப்பீடு எழுத முடியாது. 2017 நவம்பர் 30 அன்று ஓகி புயல் அடித்தபோது ஜிஎஸ்டிக்கு ஐந்து மாதமே ஆகியிருந்தது. மரமும் மின்கம்பமும் சாய்ந்து பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. அப்படிப்பட்ட நாளில் டாலி இன்வெர்ட்டர் தாங்கும் வரை ஓடும், சோஹோ இணையம் போன நொடியிலேயே நிற்கும். மறுபக்கம், கூரை பறந்து கணினி நனைந்தால் டாலிக் கணக்கு பென் டிரைவில் எடுத்த கடைசி நகலோடு நிற்கும். சோஹோ கணக்கு எங்கோ பத்திரமாக இருக்கும். எனக்கு இரண்டாவது பயம்தான் பெரியது. முதல் பயத்துக்கு மருந்து சட்டத்திலேயே இருக்கிறது: பில் எண் வரிசை ஒன்றுக்கு மேற்பட்டு இருக்கலாம், நிதியாண்டுக்குள் எண் திரும்பி வராமல் 16 எழுத்துக்குள் அடங்கினால் போதும். தனி முன்னெழுத்தோடு அச்சடித்த பில் புத்தகம் ஒன்றைக் கல்லாவில் வைத்துக்கொண்டால், இணையம் இல்லாத நாளில் கையால் எழுதிவிட்டு வந்ததும் ஏற்றிக்கொள்ளலாம். அருமனை, பேச்சிப்பாறைப் பக்கம் இணையம் அடிக்கடி விட்டுப்போகும் இடத்தில் கடை இருக்கிறவர்களுக்கு இந்தச் சமாதானம் போதாது. அவர்கள் டாலியிலேயே இருப்பது நல்லது.

மாறுவதென்று முடிவெடுத்தால் ஏப்ரல் 1 நல்ல நாள். மொத்தப் பாக்கியை ஒரே தொகையாகக் கொண்டுபோகாமல் பில் பில்லாக ஏற்றுங்கள். இல்லாவிட்டால் காசோலை வரும்போது எந்தப் பில்லுக்கு வந்தது என்று வாடிக்கையாளரிடமே கேட்க வேண்டியிருக்கும். பழைய டாலிக் கணினியை விற்றுவிடாதீர்கள். ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குகளை ஆண்டறிக்கை தாக்கல் செய்யும் கடைசி நாளிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். 2024-25 கணக்கு 2031 டிசம்பர் வரை கையில் இருந்தாக வேண்டும். அந்தக் கணினியை உயிரோடு வைத்திருக்கும் செலவையும் மாற்றத்தின் விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள். நாளைக்கு சோஹோவை விட்டுப் போக நேர்ந்தாலும் இதே கேள்வி வரும். அதனால் மாதந்தோறும் வாடிக்கையாளர் பட்டியலையும் பில் பட்டியலையும் கோப்பாக இறக்கி வைக்கிறேன்.

ஆடிட்டர் முகம் சுளிப்பார். என் ஆடிட்டரும் சுளித்தார். கணக்கைப் பார்க்க அவருக்கு ஒரு பயனர் பெயர் கொடுத்த பிறகு, விற்பனை விவரம் தாக்கல் செய்ய வேண்டிய மாதம் 11-ம் தேதி நெருங்கும்போது கோப்புக் கேட்டு வரும் தொலைபேசி அழைப்புகள் குறைந்தன. அவருக்குப் பிடித்துப்போயிற்று என்று சொல்ல மாட்டேன்.

நான் சொல்ல முடியாதவையும் உண்டு. எங்கள் விற்றுமுதல் 5 கோடிக்குக் கீழ் என்பதால் பில்லை அரசுத் தளத்தில் பதியும் மின்-இன்வாய்ஸ் வேலையை இரண்டிலும் செய்து பார்த்ததில்லை. சம்பளக் கணக்கை இன்றும் நோட்டில்தான் எழுதுகிறோம். பல குடோன்களில் சரக்கு வைத்து, குடோன்வாரி இருப்புப் பார்க்கிறவர்களுக்கு டாலி வசதியானது என்று பக்கத்துக் கடைக்காரர் சொல்கிறார்; எங்களுக்கு ஒரே குடோன்.

வாங்கும் முன் இரண்டையும் காசில்லாமல் ஓட்டிப் பார்க்கலாம். சோஹோ சில நாள் சோதனைக்கு விடும். டாலியில் உரிமம் இல்லாமல் கல்வி முறை என்ற ஒன்று உண்டு. மாதத்தின் 1, 2, 31 ஆகிய தேதிகளில் மட்டும் பதிவு ஏறும், பழகிப் பார்க்க அது போதும். மூன்று வாடிக்கையாளரை ஏற்றுங்கள்: 33-ல் தொடங்கும் ஒருவர், 32-ல் தொடங்கி இந்தப் பக்கம் சரக்கு இறக்கச் சொல்லும் ஒருவர், பதிவில்லாத பாறசாலை வீட்டுக்காரர் ஒருவர். மூவருக்கும் ஒரே சரக்கைப் பில் போடச் சொல்லி, விற்பனைக்கு வந்தவரை விட்டுவிட்டு உங்கள் கடையில் பில் போடும் ஆளையே உட்கார வையுங்கள். எதில் அவர் உங்களைக் கூப்பிடாமல் மூன்றையும் முடிக்கிறாரோ அதை வாங்குங்கள்.