உப்புவெளி கடற்கரை வீடு: 8 மாசப் பிள்ளையோட 4 நாள்

போன கிழமைதான் திருகோணமலையால வந்தனாங்கள், கொண்டு போன உடுப்பு இன்னும் தோய்ச்சு முடியேல்ல, மறக்க முதல் எழுதி வைப்பம் எண்டு இருக்கிறன். வீட்டின்ர பேரைப் போடேல்ல. குறையும் சொல்லப்போறன், வீட்டுக்கார ஐயாவுக்கு மனம் நோகக்கூடாது.

உப்புவெளியில யுத்த மயானம் இருக்கெல்லே, அதுக்குக் கிட்ட நிலாவெளி ரோட்டால கடல் பக்கம் இறங்குற ஒழுங்கையில இருக்கிற பழைய வீடு. ரெண்டு றூம், பெரிய விறாந்தை, பின்னால குசினி, முத்தத்தில கிணறு. 2003ல சமாதான காலத்தில அப்பா தேடிப்பிடிச்ச இடம், எனக்கு அப்ப 10 வயசு. 2004 டிசம்பர் 26 சுனாமியில முன்பக்கம் முழுக்கப் போய், ஐயா பின்னுக்குத் தள்ளித் திரும்பக் கட்டினவர். இடையில சண்டை தொடங்கிப் போகேலாமல் போச்சு, பிறகு 2010ல இருந்து அநேகமா எல்லா வருசமும் ஆடி ஆவணியில அங்கதான். கண்ணை மூடிக்கொண்டு ராவில பாத்றூம் போற அளவுக்கு எனக்குப் பழக்கமான வீடு.

ஆனா தவழுற பிள்ளையோட போனா அது வேற வீடப்பா. இவ்வளவு காலமும் நான் பாக்காத சாமானெல்லாம் இந்த முறைதான் கண்ணில பட்டது. நிலத்தில இருந்து ஒரு சாண் உயரத்தில பிளக் பொயிண்ட், அதுவும் ரெண்டு றூமிலயும். விறாந்தைக்கு வேலி இல்ல, நேரா ரெண்டரை அடி கீழ முத்தம், நாங்கள் சின்னனில காலைத் தொங்கப்போட்டு மாங்காய் சாப்பிட்ட அதே விளிம்புதான், இப்ப அதைப் பாத்தாலே வயித்தைக் கலக்குது. கிணத்துக்கட்டு உயரம் காணும், பயமில்ல. தரை சிவப்பு சீமெந்து, நாங்கள் வாறம் எண்டு புதுசா பொலிஷ் வேற போட்டு வச்சிருந்தவை, பிள்ளை ஒரு சுத்து தவழ்ந்து வந்து பாத்தா முழங்கால், உள்ளங்கை எல்லாம் சிவப்பு. அம்மா ரத்தம் எண்டு நினைச்சுக் கத்தின கத்தில பக்கத்து வீட்டு நாய் எழும்பிட்டுது. பிறகு முதல் நாள் முழுக்க ஈரத்துணியால தரையைத் துடைச்சதுதான் என்ர ஹொலிடே.

பயணம்: கொழும்பு வெள்ளவத்தையில இருந்து வானில தம்புள்ள, ஹபரண, கந்தளாய் வழியா 260 கிலோமீற்றர் சொச்சம். பிள்ளை இல்லாத காலத்தில 6 மணித்தியாலம், இந்த முறை 9. பால் குடுக்க, பம்பர்ஸ் மாத்த, சத்தி எடுத்தா துடைக்க எண்டு நிண்டு நிண்டு போனனாங்கள். ஹபரண தாண்டினா யானை ரோட்டுக்கு வாற இடம், இருட்ட முதல் அதைக் கடந்திடுங்கோ. கந்தளாயில சட்டித் தயிர் வாங்காமல் எங்கட அப்பா வானை நகர விடமாட்டார், அது தனிக்கதை.

இனி குறைக்கு வாறன். இப்ப புக்கிங் எல்லாம் ஐயாவின்ர மகன்தான் பாக்கிறார். போனில கேட்டனான், "தொட்டில் இருக்கக்கா, ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ" எண்டவர். போய்ப் பாத்தா ஒரு கால் உடைஞ்ச மடக்குத் தொட்டில், திறந்தா கரப்பான் மணம். அதுக்குள்ள பிள்ளைக்கும் சேத்து "எக்ஸ்ட்ரா பெட்" எண்டு நாளுக்கு 1,500 போட்டு பில்லைத் தந்தார்! வீட்டு வாடகை நாளுக்கு 18,000, அது ரெண்டு குடும்பம் பிரிச்சா பரவாயில்ல, ஆனா உடைஞ்ச தொட்டிலுக்கு ஆர் காசு குடுப்பினம்? என்ர மனுசன் வாக்குவாதப்படத் தொடங்க, ஐயா வந்து பேனையை வாங்கி அந்த வரியை வெட்டிப்போட்டு, "பல்லு முளைக்காதவனுக்கு என்ன காசு? விடு பிள்ளை" எண்டு போட்டு, ஏணியைக் கொண்டு வந்து கூரை வளையில கயிறு போட்டுத் தந்தார். அம்மாவின்ர பழைய நூல் சீலையில ஏணை கட்டினம். கொழும்பு ஃபிளாட்டில ஏணை கட்ட வளை எங்க இருக்கு? பிள்ளை அப்பிடியொரு நித்திரை கொண்டதை நான் அதுக்கு முதல் காணேல்ல, பின்னேரம் கடல்காத்து வந்தா ஆட்டவும் தேவையில்ல.

காத்து எண்டோன ஞாபகம் வருது, ஆடி மாசம் பகலில கச்சான் அடிக்கும். என்ர மனுசன் கண்டிக்காரர், அம்மா "கச்சான் சரியில்ல, பிள்ளையை வெளியில கொண்டு போகாதேங்கோ" எண்ட, அவர் தான் வாங்கின கச்சான்கொட்டை (நிலக்கடலை) பையை மணந்து பாக்கிறார். மேற்கால தரைப்பக்கத்தில இருந்து வாற அனல் காத்துதான் கச்சான், பத்து மணியில இருந்து பின்னேரம் வரைக்கும் பிள்ளைக்கு உதடு காஞ்சுபோகும், அடிக்கடி பால் குடுக்கவேணும். ஏசி போட்டிருக்கினம், நல்லது, ஆனா தண்ணி சொட்டுது, கட்டிலை அந்தப் பக்கத்தால இழுத்து வச்சிடுங்கோ. கறண்ட் போனா ஜெனரேட்டர் இல்ல. நுளம்பு வலையில ஓட்டை, குடை மாதிரி விரியிற சின்ன வலை ஒண்டு கையோட கொண்டு போங்கோ, டெங்கு பயம் எல்லாருக்கும் இருக்குத்தானே.

கடல் பத்தி. கிழக்குக் கரை, சூரியன் கடலுக்குள்ளால வாறபடியா எட்டு மணிக்கே மணல் சுடும். நாங்கள் ஆறரைக்குப் போய் ஏழரைக்குத் திரும்பிடுவம், பிறகு அஞ்சு மணிக்குத்தான், அந்த நேரம் வெயில் முதுகுப்பக்கம். மே தொடக்கம் செப்டெம்பர் வரைக்கும் கடல் குளம் மாதிரி, மார்கழியில கைக்குழந்தையோட போகவே வேண்டாம், மழையும் கடல் கொந்தளிப்பும். முதல் அலை காலில பட்டோன பிள்ளை அழேல்ல, மூச்சை இழுத்துப்போட்டு என்னைப் பாத்தான், இது என்ன எண்டு கேக்கிற மாதிரி. புறாத்தீவுக்கு என்ர மனுசன் மட்டும் போனவர், போட்டில பிள்ளை சைஸில லைஃப் ஜாக்கெட் இல்ல. கோணேசர் கோயிலுக்கு ஸ்ட்ரோலர் சரிவராது, தூக்கிக்கொண்டுதான் போகவேணும், ஆனா போற வழியில கோட்டை வாசல் பக்கம் நிக்கிற மான்களைப் பாத்து அரை மணித்தியாலம் சத்தம் போட்டுக் கொண்டாடினான்.

சாப்பாட்டுக்கு 5க்கு 5. குசினியில சமைக்கிற அக்கா நான் கேக்காமலே, பால் குடுக்கிற பிள்ளை எண்டு பால்சுறா வறை, முருங்கையிலைச் சுண்டல் எண்டு போட்டுத் தாக்கினவ. பிள்ளைக்கு உப்பு, தூள் இல்லாமல் பருப்பும் பூசணிக்காயும் தனியா அவிச்சு மசிச்சுத் தந்தவ. கிணத்துத் தண்ணி கொஞ்சம் உவர், குளிக்க வாக்கலாம், பாலுக்கு போத்தல் தண்ணி வாங்குங்கோ.

மூண்டாம் நாள் விடிய கஞ்சி தீத்தேக்க கரண்டியில "டிக்" எண்டொரு சத்தம். கீழ முரசில பல்லு! அம்மாவுக்கு இருப்புக்கொள்ளேல்ல, வெள்ளவத்தைக்குப் போய்ச் செய்வம் எண்டா கேக்கமாட்டா. அக்காவும் அவவும் குசினியில அரிசிமா வறுத்து, தேங்காய்ச் சொட்டைப் பல்லு மாதிரி வெட்டிக் குத்தி, பின்னேரத்துக்குள்ள, முதல் பல்லு வந்தா செய்யிற பல்லுக்கொழுக்கட்டை ரெடி. விறாந்தையில பிள்ளையை இருத்தி, வெள்ளைத் துணியால தலையை மூடிக் கொழுக்கட்டை கொட்டினம். எதை எடுக்கிறானோ அதுதான் அவன்ர எதிர்காலம் எண்டு முன்னால தட்டில கொப்பி, பேனை, காப்பு, கண்ணாடி எல்லாம் வச்சிருக்க, அவன் அதுகளைத் திரும்பியும் பாக்கேல்ல, தட்டுக்கு அங்கால கிடந்த றூம் சாவியை, அந்த மரக்கட்டை கோத்த சாவியை, எட்டி எடுத்து வாயில வச்சிட்டான்.

ஐயா சிரிச்சுப்போட்டு மகனைக் கூப்பிட்டார். "பல்லும் வந்திட்டு, சாவியும் எடுத்திட்டான். இனி அந்த 1,500ஐப் போடு."