வாதத்தில் கெட்டி, கணக்கில் கோளாறு: 5க்கு 2 ஸ்டார்

புதுச்சேரியில் கடலூர் சாலை கோர்ட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு வக்கீல் ஆபீஸ். பெயரைப் போடவில்லை, ஏற்கெனவே என்மேல் ஒரு வழக்குப் போட்டவர்கள், இன்னொன்றைத் தாங்க எனக்குத் தெம்பில்லை.

முத்தியால்பேட்டையில் இருக்கும் அப்பா வீட்டுப் பாகப்பிரிவினைக்காகப் போனேன். வேலையில் குறை சொல்ல மாட்டேன். குறுக்கு விசாரணையில் சீனியர் கேட்ட கேள்விகளுக்கு சித்தப்பா தரப்பு சாட்சி மூன்று தடவை தண்ணீர் வாங்கிக் குடித்தார். அந்த 2 ஸ்டாரும் அதற்குத்தான்.

ஃபீஸ் எவ்வளவு என்று முதல் நாளே கேட்டேன். "வீடு கைக்கு வரட்டும் சார், பத்துல ஒண்ணு குடுங்க, இப்போதைக்குச் செலவுக்கு மட்டும்" என்றார். ஜெயித்தால் இவ்வளவு என்று பேசவே கூடாது என்பது பார் கவுன்சில் விதி. எனக்குத் தெரியாது, அவருக்குமா தெரியாது? வக்காலத்தில் கையெழுத்துப் போட்ட அன்று 40,000 ரொக்கம் கொடுத்தேன். குமாஸ்தா விரலை நாக்கில் தொட்டு எண்ணி, பழுப்பு அட்டை போட்ட நோட்டில் ஏதோ கிறுக்கினார். ரசீது கேட்கவில்லை, கூச்சம், என் தப்புதான். அப்புறம் ஐந்து தடவையாக ஜிபேயில் 25,000.

நாலு வருஷம் வாய்தா வாய்தாவாக ஓடியதும் வேறு வக்கீலிடம் போகலாம் என்று கேஸ் கட்டைக் கேட்டேன். பாக்கியைக் கட்டிவிட்டு எடுத்துக்கொள் என்றார்கள், மூலப்பத்திரம் உள்பட எல்லாம் அந்தச் சிவப்பு நாடாவுக்குள்தான் இருந்தது. ஃபீஸ் பாக்கிக்காகக் கட்சிக்காரரின் காகிதங்களை வக்கீல் பிடித்து வைக்க முடியாது என்று சுப்ரீம் கோர்ட் 2000லேயே சொல்லிவிட்டதாம், தெரிந்தவர் ஒருவர் சொன்னார். அதைக் குறிப்பிட்டுப் பதிவுத் தபால் போட்டேன், ஒரே வாரத்தில் கட்டு வந்தது.

அடுத்த மாதம் சம்மனும் வந்தது, ஃபீஸ் பாக்கி என்று என்மேல் வழக்கு. 41 வாய்தா, ஒன்றுக்கு 4,000. நீதிபதி லீவில் இருந்த நாட்களும் அதில் உண்டு. டிராஃப்டிங், ஜெராக்ஸ் என்று 26,000. மொத்தம் 1,90,000, அதில் ஜிபே 25,000 மட்டும் கழித்து 1,65,000 பாக்கி. ரொக்கம் 40,000 காற்றோடு போய்விட்டது, பத்தில் ஒன்று என்ற பேச்சும் அதோடு போய்விட்டது. வக்கீல் ஃபீஸுக்கு வழக்குப் போட 1926ஆம் வருஷச் சட்டமே இடம் கொடுக்கிறது, அதனால் போட்டதே தப்பு என்று நான் சொல்லவில்லை, கணக்கைத்தான் சொல்கிறேன். நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமா என்று பார்த்தேன், வக்கீல் சேவை அந்தச் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே மாதம் தீர்ப்பாகிவிட்டது. பதில் மனுவுக்கு 30 நாள்தான், ஓடி ஓடி ஒரு ஆளைப் பிடித்தேன், அவரிடம் முதல் கேள்வியே ஃபீஸ் எவ்வளவு, எழுதிக் கொடுப்பீர்களா என்பதுதான். சிரித்தார், ஆனாலும் எழுதிக் கொடுத்தார்.

கடைசியில் சமரச மையத்தில் உட்கார்ந்தோம். பழுப்பு அட்டை நோட்டைக் கொண்டுவரச் சொன்னார் எங்கள் வக்கீல். அது வரவில்லை. 60,000க்கு முடிந்தது, அவர்கள் வேலை பார்த்தது நிஜம்தானே. பணம் கட்டப் போனபோது அதே குமாஸ்தா, அதே விரல், அதே எண்ணல். இந்தத் தடவை ரசீது வாங்கிக்கொண்டுதான் நாற்காலியை விட்டு எழுந்தேன்.