மரகதத்தின் இனத்தைச் சரியாகச் சொன்ன கடை

எங்கள் வீட்டுப் பச்சோந்திக்கு மரகதம் என்று பெயர். டொராண்டோவில் வேறொரு கடையில் வாங்கினோம். தொட்டிமேல் ‘ஜாக்சன்’ என்று இனப் பெயரை எழுதி ஒட்டியிருந்தது. கொம்பைக் காணோமே என்று மகள் கேட்டாள். ஆணுக்குத்தான் மூன்று கொம்பு, இது பெண் என்றார்கள். வேலியோர ஓணானையே பச்சோந்தி என்று சொல்லி வளர்ந்தவன் நான், அப்படியே நம்பிவிட்டேன். ஜாக்சன் கென்யா, தான்சானியா மலைக்காடுகளில் வாழ்வது, சூடு அதிகம் ஆகாது என்று படித்துவிட்டு விளக்கைக்கூட உயர்த்திக் கட்டினேன்.

நாலு மாதத்தில் உச்சந்தலை மீன் துடுப்பு மாதிரி மேலே எழும்ப ஆரம்பித்தது. நான் பார்த்த ஜாக்சன் படம் எதிலும் அப்படி இல்லை. மனசு கேட்காமல் ஒரு சனிக்கிழமை அட்டைப் பெட்டியில் துண்டு விரித்து, ஓரத்தில் வெந்நீர் பாட்டில் வைத்து, ஊர்வன மட்டுமே விற்கும் இந்தக் கடைக்குக் கொண்டுவந்தேன்.

கடைக்கார அம்மா அதைப் பிடித்துத் தூக்கவில்லை. விரலை முன்னால் நீட்டிக் காத்திருந்தார். மரகதம் தானாக ஏறிக்கொண்டது. டார்ச் அடித்து முதலில் தாடையின் அடியைக் காட்டினார். முகவாயிலிருந்து தொண்டை வரை சீப்புப் பல் போலக் கூரான செதில் வரிசை. ஜாக்சனுக்கு இது கிடையாது, இது வெயில்டு பச்சோந்தி, ஏமனும் சவூதியும் இதன் பூர்வீகம் என்றார். அடுத்து பின்னங்காலைப் பார்த்தார். ஆண் வெயில்டுக்குப் பிறக்கும்போதே குதிகாலில் சேவலுக்கு இருப்பதுபோல ஒரு முள் இருக்குமாம். மரகதத்துக்கு அந்த இடம் வழவழவென்று இருந்தது. ஆக, பெண் என்பது மட்டும்தான் அந்தக் கடை சொன்னதில் சரி.

பெயர் மாறினால் என்ன என்று நினைக்க வேண்டாம். ஜாக்சன் குட்டி போடும். வெயில்டு முட்டையிடும், ஆணே இல்லாவிட்டாலும் இடும். தோண்ட மண் இல்லையென்றால் முட்டை வயிற்றிலேயே தங்கி உயிருக்கே ஆபத்து. என் கூண்டில் ஒரு பிடி மண்கூட இல்லை! ஒரு வாளியில் ஓரடி ஆழத்துக்கு ஈர மணல் போடுங்கள், விரலால் குடைந்தால் ஓட்டை சரியாமல் நிற்க வேண்டும், அதுதான் பதம் என்று செய்தே காட்டினார். இதற்கெல்லாம் காசு வாங்கவில்லை. நான்தான் கேட்டு மரகதத்தின் தீனிக்கு இரண்டு டப்பா சில்வண்டு வாங்கி வந்தேன். எல்லாம் சுறுசுறுப்பாக இருந்தன, செத்தது ஒன்றுகூட இல்லை.

கடைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. வண்டி நிறுத்த இடம் கிடைப்பது சிரமம், பஸ்ஸில் வருவதே மேல்.

மூன்றாவது வாரம் மரகதம் வாளிக்குள் இறங்கியது. ஆள் தெரிந்தால் பாதியில் விட்டுவிடும் என்று கடைக்கார அம்மா சொல்லியிருந்ததால், கூண்டைச் சுற்றிப் போர்வை கட்டிவிட்டு நானும் மகளும் கூடத்தில் போய் உட்கார்ந்துகொண்டோம். மறுநாள் காலை மணல் மூடி, தட்டிச் சமமாக இருந்தது. தோண்டிப் பார்த்தோம். முப்பத்தொரு முட்டை.