கடலைக் கண்காணிக்க நம் கடற்படைக்கு எது சிறந்தது: பி-8ஐ விமானமா, சீ கார்டியன் ட்ரோனா?

அரக்கோணத்திலுள்ள கடற்படை விமானத் தளமான ஐஎன்எஸ் ராஜாளியில் இரண்டுமே பறந்திருக்கின்றன. பி-8ஐ 2013-இல் வந்தது. இன்று கடற்படையிடம் 12 உள்ளன. ஆளில்லா சீ கார்டியன் இரண்டை 2020-இல் குத்தகைக்கு எடுத்தார்கள்.

நீர்மூழ்கி வேட்டை என்றால் என் ஓட்டு பி-8ஐக்குத்தான். போயிங் 737 பயணிகள் விமானத்தின் உடல் அது. மணிக்கு சுமார் 900 கிலோமீட்டர் வேகம். சந்தேகப்பட்ட இடத்துக்கு விரைந்து, ஒலிமிதவைகளைக் கடலில் வீசி, அடியிலிருந்து வரும் சத்தத்தைக் கேட்கும். வால்முனையில் நீர்மூழ்கியின் உலோக உடலை உணரும் காந்தமானி வேறு உண்டு. அமெரிக்கக் கடற்படையின் பி-8ஏ-வில் அது இல்லை. எதிரி உறுதியானதும் டார்பிடோ போடலாம். எந்தச் சத்தம் திமிங்கிலம், எது இயந்திரம் என்று அந்த இடத்திலேயே பிரித்துச் சொல்லும் வீரர்கள் உள்ளேயே இருப்பது பெரிய பலம்.

ஆனால் அவர்களும் களைப்பார்கள். சீ கார்டியனை இயக்குபவர்கள் தரையில் முறை மாற்றிக்கொள்ளலாம். அது 30 மணி நேரத்துக்கும் மேல் வானில் நிற்கும். மெதுவானதுதான். எதிரியின் வான்காப்பு ஏவுகணைக்கு எளிதில் இரையாகும் என்பது என் உண்மையான கவலை. குத்தகை ட்ரோன்களில் ஒன்று 2024 செப்டம்பரில் கோளாறால் சென்னைக்கு அப்பால் கடலில் இறக்கப்பட்டது. ஆளில்லாததால் உயிர்ச்சேதம் இல்லை. அடுத்த மாதமே முப்படைகளுக்கும் 31 வாங்க ஒப்பந்தம் ஆனது, அதில் கடற்படைக்கு 15.

2024 மார்ச்சில் கடற்கொள்ளையரிடமிருந்து 'ருயென்' சரக்குக் கப்பலை நம் கடற்படை மீட்டபோது பி-8ஐயும் ட்ரோனும் சேர்ந்தே பணியில் இருந்தன. மாலுமிகள் 17 பேரும் பிழைத்தார்கள்.