வாகனத்துக்கு ஒரு ஜப்பான் காப்பு: முனகாத்தா தாய்ஷாவின் ஒமாமொரி

திருகோணமலையில் ஒரு வாகனம் எடுத்தால் முதல் ஓட்டம் பத்திரகாளி அம்மன் கோயில் வாசலுக்குத்தான். மாலை, சந்தனம், சில்லுக்குக் கீழே தேசிக்காய், பிறகு சிதறு தேங்காய். அந்த வாகனம் ஜப்பானில் ஓடி வந்ததென்றால், அங்கேயும் அதை ஒரு கோயில் முற்றத்தில் நிறுத்திப் பூசை செய்திருக்க இடமுண்டு. பின்கண்ணாடி மூலையில் இருக்கும் ஜப்பானிய ஸ்டிக்கரைக் கொம்பனி விளம்பரமென்று நினைத்துப் பலர் சுரண்டிவிடுகிறார்கள். அதில் ‘கோட்சூ அன்சென்’ என்ற நான்கு எழுத்துகள் இருந்தால் அது வீதிப் பாதுகாப்புக் காப்பு.

ஜப்பானில் வேலைசெய்யும் பிள்ளைகள் விடுமுறையில் வரும்போது அதே காப்பைச் சிறு துணிப்பையாகக் கொண்டுவருகிறார்கள். அதற்குப் பெயர் ஒமாமொரி. எந்தக் கோயிலில் கேட்பது, எங்கே வைப்பது, எப்போது கழற்றுவது என்று தெரிந்து வாங்கினால் அது காப்பு. தெரியாமல் வாங்கினால் வெளிறிப்போன ஒரு சாவித்தொங்கல்.

எங்கள் முதல் தெரிவு பூகுவோகா மாகாணத்தில், முனகாத்தா நகரில் இருக்கும் முனகாத்தா தாய்ஷா. வாகனத்துக்கென்றே தனிக் காப்பை ஜப்பானில் முதலில் வழங்கிய கோயில் என்று பெயர்பெற்றது. அதன் தெய்வங்கள் மூன்று சகோதரிகள், ஆதியில் கடல்வழியின் காவலர்கள். கொரியாவுக்கும் ஜப்பானுக்கும் இடையே ஓடிய கப்பல்கள் அவர்களை வேண்டித்தான் பாய் விரித்தன. மூத்தவர் இருக்கும் ஒகினோஷிமா, கரையிலிருந்து சுமார் 60 கிலோமீற்றர் தூரத்தில் உள்ள தீவு. பொதுமக்கள் அங்கே இறங்க முடியாது, ஒரு இலையைக்கூட எடுத்துவரக் கூடாது. 2017இல் யுனெஸ்கோ இதை உலக மரபுரிமையில் சேர்த்தது. முனகாத்தா தாய்ஷாவின் கரைக் கோயிலான ஹெத்சுமியாவில் குடியிருப்பவர் சகோதரிகளில் ஒருவரான இச்சிகிஷிமாஹிமே. அவரைப் பென்சாய்தென்னாக, அதாவது நம் சரஸ்வதியாக, நெடுங்காலம் சேர்த்தே வழிபட்டிருக்கிறார்கள். கடலைக் காத்த தெய்வம் வீதிக்கும் காவலானது என்றால், கோணேசர் மலையடியில் படகு தள்ளும் ஊருக்கு அதை விளக்கத் தேவையில்லை. படகுக்கே காப்பு வேண்டுமானால் கடலோரக் கோயில்களில் ‘காய்ஜோ அன்சென்’ என்று கேட்கச் சொல்லுங்கள்.

பொருளைக் கையில் எடுத்துப் பாருங்கள். சரிகை நெய்த பை, விரல் நீளம். உள்ளே எழுத்திட்ட தாள் அல்லது மெல்லிய மரத்துண்டு. காப்பு அதுதான், பை வெறும் உறை. கழுத்திலே வெள்ளைக் கயிற்றின் முடிச்சை ஒரு பக்கம் பார்த்தால் சதுரம், திருப்பினால் சிலுவைக் கோடு. இரண்டு வடிவத்தையும் சேர்த்தால் ‘நிறைவேறும்’ என்று பொருள்படும் ஜப்பானிய எழுத்து. இந்த முடிச்சை அவிழ்க்கக் கூடாது. உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்கும் ஆவலில்தான் எங்கள் வீடுகளில் அதிகம் பழுதாகிறது. நம் ஐயர் கட்டிவிடும் கூட்டுத் தாயத்தை யாரும் உடைத்துப் பார்ப்பதில்லையே.

காப்பு கொடுக்கும் இடத்தைக் கடை என்று சொல்வதில்லை. ‘ஜுயோஷோ’, அதாவது அருளி வழங்கும் இடம். கொடுக்கும் பணமும் விலையல்ல, ‘ஹத்சுஹோர்யோ’, முதற்கதிர்க் காணிக்கை. பொதுவாக 500 முதல் 1,000 யென். இணையத்தில் யாரோ மறுவிற்பனை செய்வதை வாங்காதீர்கள், கோயில்கள் அதை ஏற்பதில்லை.

இன்னொரு குழப்பம்: ஊரில் காணும் ஸ்டிக்கர்களில் ‘நரிதாசான்’ என்று இருப்பவை ஜப்பானின் மரபுவழி மதமான ஷிந்தோவைச் சேர்ந்தவை அல்ல. அது சிபா மாகாணத்திலுள்ள பௌத்த விகாரை. பெயர் ‘ஜின்ஜா’, ‘ஜிங்கு’, ‘தாய்ஷா’ என்று முடிந்தால் ஷிந்தோக் கோயில். ‘ஜி’, ‘இன்’ என்று முடிந்தால் பௌத்தம். இரண்டும் நல்ல காப்புகள்தான், ஆனால் திருப்பிக் கொடுக்கும் இடம் வேறு.

இனி எங்கள் வெயில். மூன்று வகை கிடைக்கும்: துணிப்பை, ஸ்டிக்கர், கண்ணாடியில் உறிஞ்சிப் பிடிக்கும் ரப்பரோடு தொங்குவது. மூன்றாவதை இந்த ஊருக்குக் கொண்டுவர வேண்டாம். உச்சி வெயிலில் நிறுத்திய வாகனத்துக்குள் ரப்பர் இறுகி, பிடி விட்டு, ஓடும்போது மிதிகட்டைப் பக்கம் விழும். நடுக்கண்ணாடியில் தொங்கவிட்டால் சாயம் போகும், பார்வையையும் மறைக்கும். துணிப்பைதான் சரி. டாஷ்போர்ட் பெட்டிக்குள் வைத்தால் மரியாதைக் குறைவில்லை. கால்படும் இடத்தில், கதவின் கீழ்ப்பையில் வைப்பதுதான் கூடாது. ஓட்டோவுக்கும் படகுக்கும் உப்புக்காற்று படும், உள்ளே இருப்பது தாளென்றால் பூஞ்சணம் பிடிக்கும். மேலே ஒரு பிளாஸ்டிக் உறை போடுங்கள்.

ஜப்பானிலேயே வாகனம் வைத்திருக்கும் பிள்ளைகள் ‘குருமா பராய்’, அதாவது வாகனத்தைத் தூய்மைப்படுத்தும் பூசை, செய்விக்கலாம். காணிக்கை 5,000 யென்னில் தொடங்கும் இடங்கள் அதிகம். உறையில் இட்டு, மேலே பெயரெழுதிக் கொடுக்க வேண்டும், சில்லறையாக நீட்டக் கூடாது. விண்ணப்பத்தில் பெயர், விலாசம், வாகன இலக்கம் கேட்பார்கள். பெயரைக் கத்தகானாவில், அதாவது வெளிநாட்டுப் பெயர்களுக்கான ஜப்பானிய எழுத்தில், எழுதுங்கள். இல்லாவிட்டால் பூசகர் ‘நொரித்தோ’ என்ற வேண்டுதலை ஓதும்போது ‘யோகேஸ்வரன்’ யாரோ ஒருவராகிவிடுவார். கதவுகளையும் பொனற்றையும் டிக்கியையும் திறந்து வைக்க, வெள்ளைத் தாள் கீற்றுகள் கட்டிய ‘ஒனுசா’ கோலை இடம், வலம், இடம் என்று வீசுவார். தீபமில்லை, தேங்காயில்லை. நம் கண்ணுக்குச் சட்டென்று முடிந்ததுபோல இருக்கும், ஆனால் அதன் முறையே அதுதான். சனவரி முதல் மூன்று நாளும் போகவேண்டாம், புத்தாண்டு வழிபாட்டுக் கூட்டத்தில் வாகனம் நிறுத்தவே இடம் கிடைக்காது. வாகனம் திருகோணமலையில் இருந்தால் இது முடியாது. ஓட்டுபவர் பெயரில் ‘கோட்சூ அன்சென்’ வேண்டுதல் செய்விக்கலாம்.

மதமில்லை என்று சொல்லும் ஜப்பானியரும் பிள்ளை பிறந்து ஒரு மாதமளவில், மூன்று, ஐந்து, ஏழு வயதில், பரீட்சைக்கு முன், வீட்டுக்கு நிலம் வெட்டும்போது இந்த வாசலுக்கு வருவார்கள். வருடத்துக்கொரு முறை பழைய காப்பைக் கொடுத்துப் புதியதை ஏற்பதும் அந்த வரிசையில் ஒன்று. அதனால் ஒமாமொரியை வாங்கியதாக நினைக்காதீர்கள், ஒரு வருடத்துக்கு இரவல் பெற்றதாக நினையுங்கள். இந்தப் பொருளின் பெறுமதி இதில்தான் இருக்கிறது. எங்கள் பலவீனமும் இதில்தான்: இங்கே கொண்டுவந்தால் ஐந்தாறு வருடம் அப்படியே கிடக்கும்.

வருடம் முடிந்ததும் அடுத்து ஜப்பான் போகிறவரிடம் கொடுத்தனுப்புங்கள். ஷிந்தோக் கோயில்களில் பழைய காப்புகளுக்கென்று தனியிடம் உண்டு, சேர்த்து வைத்து முறைப்படி எரிப்பார்கள். அதே கோயில்தான் வேண்டுமென்றில்லை. தபாலில் ஏற்கும் கோயில்களும் உண்டு, முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். வழியே இல்லையென்றால் வெள்ளைத் தாளை விரித்து, காப்பை நடுவில் வைத்து, உப்பை இடம், வலம், இடம் என்று தூவி, நன்றி சொல்லி மடித்து எரிக்கலாம்.

ஸ்டிக்கரை எரிக்க வேண்டாம், உப்பிட்டுத் தாளில் சுற்றித் தனியாக அகற்றினால் போதும். உரிக்கும்போது பிளேட் போடாதீர்கள். பின்கண்ணாடியின் உட்பக்கம் ஓடும் மெல்லிய கோடுகள் ஈரப்புகையை நீக்கும் சூட்டுக் கம்பிகள், ஒன்று அறுந்தால் அந்த வரி வேலை செய்யாது. மதிய வெயிலில் ஒரு மணிநேரம் நிறுத்துங்கள், பசை இளகிவிடும். மூலையை நகத்தால் தூக்கி மெதுவாக இழுத்தால் முழுசாகவே வரும்.