ஸ்டிக்கா, மிக்கா? வீட்டுக் கார் வேலைக்கு எந்த வெல்டிங் மெஷின்?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் பழைய புரோட்டோன் சாகா காரை வீட்டிலேயே பிரித்துப் போட்டு வேலை பார்க்கும் தம்பிகளுக்கு வரும் குழப்பம் இது. ஸ்டிக் என்றால் ராடு, அதாவது பூச்சுள்ள வெல்டிங் குச்சியைப் பிடித்து ஒட்டுவது. மிக் என்றால் டார்ச் என்ற கைப்பிடி வழியே கம்பி தானாக வரும், ஒட்டும் இடத்தில் காற்றுப் படாமல் கேஸ் காக்கும்.

விலை: ஸ்டிக் இன்வர்ட்டர்தான் மலிவு. மிக் என்றால் மெஷினோடு கேஸ் சிலிண்டர், ரெகுலேட்டர் செலவும் சேரும்.

தகடு: விஷயமே இங்கேதான். கார் பாடித் தகடு ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, 2.6 மி.மீ. ராடை வைத்தால் பொத்தல்தான். மிக்கில் 0.6 மி.மீ. கம்பி போட்டு, பொட்டுப் பொட்டாகத் தள்ளித் தள்ளி வைத்து, நடுவே ஆறவிட்டு ஒட்டலாம். கேஸ் வேண்டாமென்றால், உள்ளே ஃபிளக்ஸ் பொடி அடைத்த ஃபிளக்ஸ் கோர் கம்பி இருக்கிறது. பொறி கூடுதலாகத் தெறிக்கும். இந்தக் கம்பிக்கு டார்ச்சை மெஷினின் மைனஸில் மாட்ட வேண்டும். பலர் இதை மறந்துவிட்டு மெஷினைத் திட்டுவார்கள்.

வெளியில்: காற்றடித்தால் கேஸ் கலைந்துவிடும். ஸ்டிக்குக்கு அந்தக் கவலை இல்லை, ராடு மட்டும் ஈரம் படக்கூடாது.

டிரெய்லர் சட்டம், கேட் என்றால் ஸ்டிக் போதும். துருப்பிடித்த ஃபெண்டர், தரைத்தகடு என்றால் சரி, காசு சேர்த்து மிக்கே வாங்குங்கள். எதுவானாலும், காரில் கை வைக்கும் முன் பேட்டரி மைனஸைக் கழற்றிவிடுங்கள்.